குளவிக்கூடும் மருந்தும்: சீன மருத்துவ மரபும் தமிழர் வழக்கும் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

முன்னுரை

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரிலிருந்து வடக்கே கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் திரிங்காப் ஆகும். இவ்வூரைச் சூழ்ந்து சீனக் குடியானவர்களின் காய்கறித் தோட்டங்கள் உள்ளன. இதற்குத் தெற்கே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டமும் வடக்கே புளூ வேலி தேயிலைத் தோட்டமும் அமைந்துள்ளன. காய்கறித் தோட்டங்களில் சீனரும் தேயிலைத் தோட்டங்களில் தமிழரும் பல தலைமுறைகளாக உழைத்து வந்துள்ளனர். ஒரே மலைச்சரிவில் வாழ்ந்த இவ்விரு சமூகத்தாரும் ஒரே வகைக் குளவிகளின் கொட்டுக்கு ஆளாகியுள்ளனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குளவியின் கூட்டை இவ்விரு சமூகங்களும் ஒரே கண்கொண்டு நோக்கினவா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சீன மருந்துக் கடைகளில் உலர்ந்த குளவிக்கூடு ஒரு மருந்துப் பொருளாக விற்கப்படுகின்றது. தமிழர் இல்லங்களிலோ சுவரில் கட்டப்பட்ட குளவிக்கூட்டின் மண்ணைக் குழைத்து வீக்கத்தின்மேல் பற்றுப் போடும் வழக்கம் இருந்து வந்துள்ளது. இவ்விரண்டையும் ஒருசேரக் கேள்வியுறுவோர், 'சீனர் மருந்தும் நம் மருந்தும் ஒன்றே' என எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரிதானா என்பதைச் சீன மருத்துவ நூல்களின் வரலாற்றையும் தமிழ் வழக்காறுகளையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கூடுகள்

தமிழில் குளவி என்னும் ஒரு சொல் பல்வேறு பூச்சியினங்களைக் குறிக்கின்றது. சங்க இலக்கியத்தில் இச்சொல் காட்டு மல்லிகையைக் குறித்தது. குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் மலர்ப் பட்டியலில் குளவியும் ஒன்று என்பதைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். பூச்சியைக் குறிக்கும் குளவி என்னும் சொல்லோ, கூட்டமாக வாழ்வனவற்றையும் தனித்து வாழ்வனவற்றையும் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. பேச்சு வழக்கில் கதண்டு, கடந்தை ஆகிய பெயர்கள் கூட்டமாக வாழும் பெருங்குளவிகளுக்கும், வேட்டுவன், வேட்டுவாளி முதலிய பெயர்கள் தனித்து மண்கூடு கட்டும் குளவிகளுக்கும் வழங்குகின்றன. மலாய்மொழியில் பெருங்குளவியைத் தெபுவான் என்பர். அதன் கூட்டைக் கிளறலாகாது என்னும் பழமொழி மலேசியர் அனைவருக்கும் பழக்கமானது.

மருத்துவ நோக்கில் இப்பாகுபாடு மிக இன்றியமையாதது. கூட்டமாக வாழும் குளவிகள் காய்ந்த மரத்தையும் தாவர நாரையும் சுரண்டி, உமிழ்நீருடன் சேர்த்து மென்று, தாள் போன்ற பொருளால் கூடு கட்டுகின்றன. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1719ஆம் ஆண்டில் இதனைச் சுட்டிக்காட்டி, கந்தல் துணியின்றி மரத்திலிருந்தே தாள் செய்ய முடியும் என்பதற்குக் குளவியே சான்று என்றார். இத்தகைய கூட்டை நாம் இக்கட்டுரையில் 'தாள்கூடு' எனக் குறிப்பிடுகின்றோம். தனித்து வாழும் குளவிகளோ ஈரமண்ணை உருண்டையாகத் திரட்டி வந்து சுவரிலும் மரச்சட்டத்திலும் சிறு அறைகளாகக் கட்டுகின்றன. இதனை 'மண்கூடு' எனக் குறிப்பிடுகின்றோம். முன்னது தாவரப் பொருளும் உமிழ்நீரும் கலந்த கலவை, பின்னது மண். இரண்டும் பொருளால் வேறு என்பதை மனத்திற்கொண்டே மேற்கொண்டு ஆராய வேண்டும்.

சீன மருத்துவ நூல்களில் தாள்கூடு

சீன மருத்துவத்தில் தாள்கூட்டிற்கு 'லூ ஃபெங் ஃபாங்' என்று பெயர். லூ என்பது பனித்துளியையும் திறந்தவெளியில் இருத்தலையும் ஒருசேரக் குறிக்கும் சொல்லாகும். ஃபெங் என்பது குளவி, தேனீ ஆகிய இரண்டையும் குறிக்கும். ஃபாங் என்பது அறை அல்லது வீடு. ஆகவே, மரக்கிளையில் காற்றும் பனியும் படத் தொங்கும் குளவி வீடு என்பது இப்பெயரின் பொருளாகின்றது. பெயரே இம்மருந்து எங்கிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பதை உணர்த்தி நிற்றல் நோக்கத்தக்கது.

கிழக்கு ஹான் ஆட்சிக் காலத்தை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' என்னும் நூலே சீன மருந்துப் பொருள் நூல்களுள் தொன்மையானது. இந்நூல் 365 மருந்துப் பொருள்களை மேல், இடை, கீழ் என மூன்று தரங்களாகப் பகுக்கின்றது. மேல்தரப் பொருள்கள் நீண்ட நாள் உண்ணத்தக்கவை. கீழ்த்தரப் பொருள்கள் நச்சுத்தன்மை மிக்கவை, நோய் தீர்ந்ததும் நிறுத்தத்தக்கவை. குளவிக்கூடு இவற்றுள் இடைத்தரத்தில் வைக்கப்பட்டுள்ளது. வலிப்பு, காய்ச்சல், மூலம் முதலிய நோய்களுக்கு இது கூறப்பட்டுள்ளதுடன், தீயில் வறுத்துப் பயன்படுத்துதல் நன்று என்னும் குறிப்பும் உள்ளது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே இதனைப் பச்சையாகப் பயன்படுத்தாமல் பக்குவப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் நிலவியதை இக்குறிப்பால் அறிய முடிகின்றது.

கி.பி. 150 முதல் 219 வரை வாழ்ந்ததாகக் கருதப்படும் ஜாங் சொங்ஜிங் என்னும் மருத்துவர் வகுத்த 'பியே ஜியா ஜியன் வான்' என்னும் மாத்திரை, ஆமை ஓட்டை முதன்மையாகக் கொண்டு 23 பொருள்களால் செய்யப்படுவது. அவற்றுள் குளவிக்கூடும் ஒன்று. நெடுநாள் முறைக்காய்ச்சலால் விலாவின்கீழ்த் தோன்றும் கட்டிக்கு இம்மருந்து கூறப்பட்டது. முறைக்காய்ச்சல் என்பது மலேரியாவை ஒத்தது. அக்கட்டி, வீங்கிய மண்ணீரலாகும் என இக்கால ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். இச்செய்தி மலைநாட்டுத் தமிழர் வரலாற்றைப் பயில்வோருக்குத் தனிப்பொருள் தருவதாகும். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டத்துப் பாட்டாளிகளிடையே மலேரியா எந்த அளவிற்குப் பரவியுள்ளது என்பதைக் கணிக்கச் சிறுவர்களின் விலாவின்கீழ்க் கைவைத்து மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுத்தார். தோட்டத் தமிழ்ச் சிறுவரின் உடலில் அவர் தேடிய அதே கட்டிக்கே, பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னர்ச் சீன மருத்துவர் குளவிக்கூடு சேர்ந்த மாத்திரையை வகுத்திருந்தார். வாட்சன் நோயைத் தணித்தது மாத்திரையால் மட்டுமன்று. வடிகால் வெட்டியும் கொசுவின் இருப்பிடத்தை அழித்துமே அவர் வெற்றி கண்டார் என்பதையும் உடன் கூற வேண்டும்.

மிங் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த லி ஷிசென் (1518–1593) எழுதிய 'பென்சாவ் காங்மூ' 1596ஆம் ஆண்டளவில் நான்ஜிங்கில் அச்சாகி வெளிவந்தது. 1,892 மருந்துப் பொருள்களையும் பதினோராயிரத்திற்கு மேற்பட்ட மருந்து முறைகளையும் கொண்ட இப்பெருநூல் குளவிக்கூட்டின் பயனைச் சுருக்கமாக விளக்குகின்றது. புண், கட்டி, பல்நோய் முதலியவற்றிற்கு இது பயன்படுவதன் காரணம் நஞ்சை நஞ்சால் தாக்குவதும் புழுவைக் கொல்வதுமே என்பது லி ஷிசென்னின் கருத்தாகும். பல்வலிக்கு அந்நூல் தரும் முறைகளுள் ஒன்றைச் சான்றாகக் காட்டலாம். கூட்டின் அறைகளில் உப்பை நிரப்பிச் சுட்டு, பொடியாக்கிப் பல்லில் தேய்த்து, உப்புநீரால் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும் என அது கூறுகின்றது.

நஞ்சுக்கு நஞ்சே மருந்து என்னும் இக்கொள்கை தமிழருக்கும் புதியதன்று. முள்ளை முள்ளால் எடுத்தல் என்னும் நம் வழக்கு இக்கருத்தினதே. சேராங்கொட்டை, நாபி, பாடாணங்கள் முதலிய நச்சுப் பொருள்களைச் சுத்தி செய்து மருந்தாக்கும் சித்த மருத்துவமும் இக்கொள்கையின் மேலேயே நிற்கின்றது. பொருளைச் சுட்டு மருந்தாக்கும் முறையிலும் ஒற்றுமை உண்டு. சித்த மருத்துவர் சீலைமண் செய்து புடமிட்டுப் பற்பமாக்குவர். சீன மருத்துவர் பொருளின் இயல்பு முற்றும் அழியாதவாறு கருகச் சுடுவர். எனினும் பற்பம் வெண்மையாக முற்றும் நீறுவது. சீனர் முறையில் பொருள் கரியாகி நின்றுவிடுவது. செய்முறை ஒத்திருப்பினும் இலக்கு வேறு என்பது இதனால் விளங்கும்.

இன்றைய சீன அரசின் மருந்துத் தொகுப்பு நூலும் குளவிக்கூட்டை ஏற்றுள்ளது. மூன்று வகைக் குளவிகளின் கூடுகளை மட்டுமே அது மருந்தாக அங்கீகரிக்கின்றது. பொலிஸ்டெஸ் இனத்தைச் சேர்ந்த இருவகைகளும் பாராபொலிபியா இனத்தைச் சேர்ந்த ஒருவகையுமே அவை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கூட்டைச் சேகரித்து, வெயிலில் உலர்த்தியோ சற்று ஆவியில் அவித்தோ, இறந்த குளவிகளையும் கூட்டுப்புழுக்களையும் நீக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கொடுக்கப்படும் அளவு சில கிராம்களே. இக்கூட்டிலிருந்து கிடைக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய் சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது எனச் சீன மருந்தியல் நூல்களே எச்சரிக்கின்றன.

மண்கூடு: புலவர் கூற்றும் மருத்துவர் நோக்கும்

தாள்கூட்டைப் போன்றே மண்கூட்டிற்கும் சீன மருத்துவத்தில் இடமுண்டு. ஆனால், அவ்விடம் வேறு. 'பென்சாவ் காங்மூ' தாள்கூட்டைப் பூச்சிகளின் பகுதியில் வைக்கின்றது. மண்கூட்டையோ மண்வகைகளின் பகுதியில் வைக்கின்றது. மண்கூட்டைப் புளிக்காடியில் குழைத்து வீக்கத்தின்மேலும் சிலந்திக்கடியின்மேலும் பூசுதல் அங்குக் கூறப்பட்டுள்ளது. சுவரிலிருந்து எடுத்த கூட்டைக் குழைத்து வீக்கத்திற்குப் பற்றிடும் தமிழர் வழக்கிற்கு நேர் இணையாக நிற்பது இம்மண்கூட்டு மருந்தேயன்றி, மருந்துக் கடையில் விற்கப்படும் தாள்கூட்டு மருந்தன்று. இக்கட்டுரையின் முதன்மையான முடிவு இதுவேயாகும்.

மண்குளவியைப் பற்றிய சீனரின் சிந்தனை மருத்துவத்தோடு நிற்கவில்லை. 'ஷிஜிங்' என்னும் பழம்பாடல் தொகுப்பில், பச்சைப்புழுவின் குஞ்சைக் குளவி சுமந்து செல்வதாக ஒரு குறிப்பு வருகின்றது. புழுவிற்கு மிங்லிங் என்றும் குளவிக்குக் குவோலுவோ என்றும் பெயர். இக்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு, குளவிக்குப் பெண்ணினம் இல்லை. அது பிற உயிரின் குஞ்சைக் கொணர்ந்து தன் குஞ்சாக மாற்றிக்கொள்கின்றது என்னும் நம்பிக்கை எழுந்தது. கி.மு. 53 முதல் கி.பி. 18 வரை வாழ்ந்த யாங் சியோங் என்னும் அறிஞர் இதனை மேலும் விரித்தார். தன்னைப் போலாகுமாறு குளவி வேண்டிக்கொண்டேயிருக்க, புழு நாளடைவில் குளவியாகின்றது என்றும், கன்பூசியசின் மாணாக்கர் தம் ஆசானைப் போலானதும் அவ்வாறே என்றும் அவர் உவமை கூறினார்.

இவ்வுவமையைப் படிக்கும் தமிழறிஞர் எவருக்கும் பிரமரகீட நியாயம் நினைவுக்கு வராமலிராது. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்குவது போல, குருவின் அருளால் சீடன் குருவின் நிலையை எய்துகின்றான் என்பது நம் சமய நூல்களில் பெருவழக்காக உள்ள கருத்தாகும். பாகவத புராணத்தின் பதினொன்றாம் கந்தத்தில் அவதூதர் தமக்குக் குருவாக அமைந்த இருபத்து நால்வரைக் கூறுமிடத்தும் குளவி இடம்பெறுகின்றது. மஞ்சள் ஆற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் ஒரே பூச்சியைக் கண்ட மாந்தர், கற்பித்தல் என்னும் ஒரே பொருளுக்கு அதனை உவமையாக்கினர் என்பது வியப்பிற்குரியது.

இந்நம்பிக்கையை முதலில் மறுத்தவர் ஒரு மருந்துநூல் ஆசிரியர் என்பது வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவ் ஹொங்ஜிங், மருந்துப் பொருளாகிய மண்குளவியைப் பற்றி எழுதுங்கால், அது இடை மிகச் சிறுத்த கருநிறக் குளவி என்றும், வீட்டிலும் பாண்டங்களின் ஓரத்திலும் மூங்கிற்குழாய்களை அடுக்கினாற்போல மண்கூடு கட்டும் என்றும் கூறுகின்றார். தினையளவு முட்டையிட்டு, புல்லிலுள்ள சிலந்திகள் பத்துக்கு மேற்பட்டவற்றைப் பிடித்து உள்ளே நிரப்பி வாயை அடைத்துவிடும். அச்சிலந்திகள் வளரும் குஞ்சிற்கு உணவு என்பது அவருடைய விளக்கம். புழு குளவியாகின்றது என்னும் கூற்று பிழையானது என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். இன்றைய பூச்சியியல் மண்குளவியைப் பற்றிக் கூறுவதும் இதுவே.

தாவ் ஹொங்ஜிங்கின் விளக்கத்திற்குப் பின்னரும் பழைய நம்பிக்கை எளிதில் மறையவில்லை. 1116ஆம் ஆண்டில் 'பென்சாவ் யான்யி' என்னும் நூலை எழுதி முடித்த கோவ் சோங்ஷி, பலரும் பழம்பாடலின் கருத்தைக் கைவிடத் துணியவில்லை எனச் சுட்டிவிட்டு, தாம் கூட்டைப் பிளந்து பார்த்து உள்ளே முட்டை இருந்ததைக் கண்டதாகப் பதிவு செய்துள்ளார். மருந்தை நாடி உடைக்கப்பட்ட கூடு, தொன்மையான ஒரு கருத்தைத் திருத்தும் கருவியாயிற்று. மரபின்மீது மதிப்புடையவரே அம்மரபைக் கண்ணால் கண்டு சோதித்தனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தமிழர் வழக்கு

தமிழ் வழக்கிலும் இவ்விரு நோக்குகளும் அருகருகே நிற்கின்றன. நியாயம் கூறும் குளவி புழுவைத் தன் பிள்ளையாக்குவது. ஆனால், மக்கள் அதற்கு இட்ட பெயரோ வேட்டுவன், வேட்டுவாளி என்பனவாகும். வேட்டையாடுவோன் என்னும் பொருள்தரும் இப்பெயரை இட்டவர், அப்பூச்சி புழுவையும் சிலந்தியையும் இரையாகவே கொண்டு சென்றதை நேரில் கண்டவராதல் வேண்டும். தாவ் ஹொங்ஜிங் நூலில் எழுதிய உண்மையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் ஒரு சொல்லில் பொதிந்து வைத்துள்ளனர். வழக்குச் சொற்களை ஏட்டறிவிற்குக் குறைந்தனவாகக் கருதலாகாது என்பதை இஃது உணர்த்துகின்றது.

வீட்டினுள் குளவி கூடு கட்டினால் அவ்வீட்டில் மகப்பேறு உண்டாகும் என்னும் நம்பிக்கை தமிழரிடையே பரவலாக உள்ளது. கூட்டின் மண் நிறத்தைக் கொண்டு பிறக்கப்போவது ஆணா பெண்ணா எனக் கூறுவாரும் உளர். இதனால் கருவுற்ற பெண் உள்ள இல்லத்தில் குளவிக்கூட்டைக் கலைக்காமல் விட்டுவைப்பர். குளவியை மகவோடு தொடர்புபடுத்தும் இவ்வெண்ணம் பிரமரகீட நியாயத்தோடு உறவுடையது எனக் கருத இடமுண்டு. குஞ்சு பறந்து சென்று வெறுமையான கூட்டின் மண்ணே பற்றுக்கு எடுக்கப்பட்டது என்றால், இந்நம்பிக்கையும் அம்மருந்தும் ஒன்றுக்கொன்று முரணாமல் ஒரே வீட்டில் நிலவியமை விளங்கும்.

சித்த மருத்துவம் மருந்துப் பொருள்களைத் தாவரம், தாது, சீவம் என மூன்றாகப் பகுக்கும். பூச்சிகளிடமிருந்து பெறப்படும் தேன், மெழுகு, அரக்கு முதலியன சீவப் பொருள்களாக அடங்கும். சுவர்க்குளவியின் மண்கூடோ பூச்சி செய்த பொருளாயினும் தன்மையால் மண்ணேயாகும். சீன நூல் அதனை மண்வகையில் வைத்தமையை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். மென்மையாக அரைபட்ட மண்ணை ஈரத்துடன் பூசும்போது அது உலர்ந்து இறுகி, வெப்பத்தை ஈர்த்து, வீக்கமுற்ற இடத்திற்குக் குளிர்ச்சி தருகின்றது. புற்றுமண் பூச்சும் இவ்வகையினதே. ஆகவே, இருநாட்டாரும் இம்மருந்தைக் கண்டறிந்தமைக்கு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் எனக் கொள்ள வேண்டிய தேவையில்லை. வீட்டுச் சுவரில் எவர்க்கும் எளிதில் கிடைக்கும் நுண்ணிய மண் என்பதே போதிய காரணமாகும்.

மலைநாட்டிற்கு வந்த மருந்து

தாள்கூட்டு மருந்து மலைநாட்டிற்குச் சீனப் பாட்டாளிகளின் வழியே வந்தது. 1867ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற தோங் சாய் மருத்துவ நிலையம், இனவேறுபாடு பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருத்துவம் வழங்கியது. 1879ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோப்பேங்கில் இயூ கோங் என்பவர் ஈயச் சுரங்கப் பாட்டாளிகளுக்காக ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். நோயின் வேதனையை அபினியால் மறக்க முயன்ற அப்பாட்டாளிகளுக்கு மூலிகை மருந்து வழங்குவதே அவர் நோக்கமெனக் கூறப்படுகின்றது. பின்னாளில் பல நாடுகளிலும் கிளை பரப்பிய இயூ யான் சாங் நிறுவனத்தின் தொடக்கம் இதுவே. கோப்பேங், கேமரன் மலை அமைந்துள்ள மலைத்தொடரின் மேற்கு அடிவாரப் பகுதியில் இருப்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கேமரன் மலையின் வரலாறு இதற்குப் பிற்பட்டது. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதியைக் குறிப்பிட்டார். 1925ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடமாக வளர்க்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக்குத் தமிழர் வந்தனர். காய்கறிப் பயிருக்குச் சீனர் வந்தனர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்ச் சிதறி வாழ்ந்த சீனக் குடியானவர்கள் நாடெங்கும் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தமிழரோ தோட்டத்து லயங்களிலேயே வாழ்ந்தனர். ஒரே சரிவில் உழைத்தாலும் இருவரின் குடியிருப்பும் மருத்துவமும் வெவ்வேறு எல்லைகளுக்குள் அமைந்தன. சீனருக்கு ஊர்க்கடைத்தெருவில் மருந்துக்கடை. தமிழருக்குத் தோட்டத்து மருந்தகமும் வீட்டு வைத்தியமும்.

தேயிலை கொய்வோருக்குக் குளவிக்கொட்டு தொழிலோடு ஒட்டிய இடராகும். தாழ்ந்து அடர்ந்த செடிகளினுள் மறைந்திருக்கும் கூடு, கொழுந்து பறிக்கும் கை பட்ட பின்னரே தெரியவரும். இலங்கை மலையகத்திலும் இத்துன்பம் இன்றளவும் தொடர்கின்றது. தோட்டத் தொழிலாளர் குளவிக்கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் சிலர் உயிரிழப்பதும் அங்குள்ள நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறும் செய்திகளாகும். அங்கே குளவி என்னும் பெயர் பெருந்தேனீக்களையும் உட்படுத்தி வழங்குகின்றது. ஆகவே, தேயிலைத் தோட்டத் தமிழருக்குத் தாள்கூடு என்பது முதலில் அஞ்சி விலகத்தக்க பொருள். சுவரின் மண்கூடோ தீங்கற்றது, மகப்பேற்றின் அறிகுறி, வீக்கத்திற்கு மருந்து. இவ்வேறுபாடு வெறும் நம்பிக்கையால் எழுந்ததன்று; தொழிலும் வாழ்வும் கற்பித்த அறிவாகும்.

ஒற்றுமையும் கடனும்

சீன மருத்துவத்திற்கும் தமிழ் மருத்துவத்திற்கும் ஒற்றுமை காணப்படும்போதெல்லாம் போகரின் பெயரைக் கூறி முடிவுகட்டும் போக்கு நம்மிடையே உள்ளது. போகர் சீன நாட்டோடு தொடர்புடையவர் என்பது தமிழ்ச் சித்தர் மரபில் வேரூன்றிய செய்தியாகும். அம்மரபைப் போற்றுதல் வேறு. அதனை ஒரு குறிப்பிட்ட மருந்தின் வரவிற்குச் சான்றாகக் காட்டுதல் வேறு. போகர் பெயரால் வழங்கும் நூல்களின் மொழிநடை பிற்காலத்தது என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றைக் கொண்டு பண்டைக்காலப் பரிமாற்றத்தை நிறுவ இயலாது.

தமிழருக்கும் சீனருக்கும் இடையே உண்மையான தொடர்பு இருந்ததற்குக் கல்வெட்டுகளே சான்று பகர்கின்றன. சீனத்துச் சுவான்சோவ் துறைமுக நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அங்குச் சிவன் கோயில் இருந்தமையை அது காட்டுகின்றது. இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டு குறிக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்தது. கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. இவை வணிகத்திற்கும் வழிபாட்டிற்கும் அரசியல் உறவிற்கும் சான்றாவன. மருந்துப் பரிமாற்றத்தை இவற்றின்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. ஒற்றுமை என்பது கடன் வாங்கியதற்குச் சான்றன்று என்பது ஒப்பாய்வின் முதல் விதியாகும். குளவிக்கூட்டைப் பொறுத்தவரை, தாள்கூட்டு மருந்து சீனரின் தனியுடைமை. மண்கூட்டுப் பற்று இருவர்க்கும் தனித்தனியே உரியது.

இன்றைய தேவை

மலேசியச் சுகாதார அமைச்சு 2007ஆம் ஆண்டில் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் மரபுவழி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலாய், சீன, இந்திய மருத்துவ முறைகள் இச்சட்டத்தின் வரம்பிற்குள் அமைகின்றன. இந்திய மருத்துவத்தினுள் சித்த மருத்துவமும் அடங்கும். ஆகவே, இம்மருத்துவங்களை ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு இனித் தமிழ்த்துறையினருக்கும் உண்டு. அப்பொறுப்பில் பெயர்களைச் சரியாக ஆளுதல் முதன்மையானது. 'குளவிக்கூடு மருந்தாகும்' எனப் பொதுப்பட எழுதிவிட்டால், படிப்பவர் மண்கூட்டை நினைத்துப் படித்துத் தாள்கூட்டை எடுத்துக் காய்ச்சிக் குடிக்கவும் கூடும். எந்தக் குளவியின் கூடு என்று தெரியாமல், பக்குவம் அறியாமல், அளவு அறியாமல் உட்கொள்ளப்படும் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு சொல்லின் மயக்கம் ஓர் உயிருக்கு ஊறாகலாம். குளவிக்கொட்டினால் மூச்சுத் திணறல் ஏற்படுவோர்க்கு மண்பற்று மருந்தாகாது. உடனடி மருத்துவமனைச் சிகிச்சையே தேவை என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியரின் கடமையாகும்.

மற்றொரு தேவையும் உண்டு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளரே பெரும்பாலும் கொழுந்து கொய்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்துள்ளன. லயத்துச் சுவரில் இருந்த கூட்டையும் அதனைச் சுற்றியிருந்த பேச்சையும் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். எம்மண், எதில் குழைத்தது, எந்நோய்க்கு, யார் சொல்லக் கேட்டது என்னும் நான்கு வினாக்களோடு மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரை அணுகி எழுதிக்கொண்டாலே, பின்வரும் ஆய்வாளருக்கு அஃது அரிய மூலமாக அமையும். அதே வினாக்களைத் திரிங்காப்பின் சீன முதியோரிடமும் கேட்க முடிந்தால் ஒப்பாய்வு முழுமை பெறும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீன மருத்துவத்தில் தாள்கூடும் மண்கூடும் இருவேறு மருந்துகள் என்பதும், தமிழர் வழக்கு மண்கூட்டோடு மட்டுமே ஒத்து நிற்கின்றது என்பதும், அவ்வொற்றுமை பரிமாற்றத்தால் விளைந்தது எனக் கொள்ளத் தேவையில்லை என்பதும் புலனாகின்றன. பழம்பாடலின் கூற்றைக் கூட்டைப் பிளந்து சோதித்த சீன மருத்துவ ஆசிரியர்களின் நெறி நமக்கும் வழிகாட்டியாகும்.

மிங்லிங் என்னும் புழுவின் பெயர் சீன மொழியில் வளர்ப்புப் பிள்ளையையும் குறிக்கும். குளவி பிறிதோர் உயிரின் குஞ்சைத் தன் பிள்ளையாக்குகின்றது என்னும் பழைய நம்பிக்கையின் எச்சம் அது. மலைநாட்டில் வறுமையாலும் பிற காரணங்களாலும் பெற்றோர் கொடுத்துவிட்ட சீனப் பெண்மகவுகளைத் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்துத் தமிழ்ப் பெண்களாகவே வளர்த்து வந்த வரலாறு நாமனைவரும் அறிந்தது. பூச்சியைப் பற்றிய அந்நம்பிக்கை இயற்கையில் பொய். ஆனால், இந்நாட்டு மக்கள் வாழ்வில் அது பலமுறை மெய்யாகியுள்ளது. இவ்விரு சமூகங்களின் மருத்துவத்தை ஒப்பிட முற்படும் ஆய்வாளர், நூல்களோடு இத்தகைய இல்லங்களையும் தம் ஆய்வுக்களமாகக் கொள்வாராயின் மேலும் பல உண்மைகள் வெளிப்படும் என்பது நம் துணிபு.